ஜாமீன் நின்றவர் கடமை

ஒரு தேசம் தன் பிள்ளைகளை அந்நியர் சண்டையை விலக்கிவிட அனுப்புவது முறைதானா? 2007 ஆம் ஆண்டு முதல் லெபனானுக்கு மலேசியப் பட்டாளம் சென்று வந்த செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் நம்மிற் சிலருக்கு இவ்வையம் எழுந்ததுண்டு. நம் வீட்டுக் கூரை ஒழுகும்போது அயலார் வீட்டுக்கு ஓடு மாற்றப் போவானேன் என்று கேட்போர் உளர். பெற்ற தாயின் கண்ணீரை எண்ணிக் கேட்கும் கேள்வி ஆதலால் இதை எளிதாகத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

முதலில் பழைய பேரேட்டைப் புரட்டுவோம். 1948 முதல் 1960 வரை மலாயாவில் நிலவிய அவசரகாலத்தில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிஜி முதலிய நாட்டு வீரர்களும் இங்கு வந்து போரிட்டனர். அவர்களிற் சிலர் ஊர் திரும்பவில்லை. அந்த 1960 ஆம் ஆண்டிலேயே, சுதந்திரம் பெற்று மூன்றே ஆண்டுகளான மலாயா, ஐக்கிய நாட்டுச் சபையின் முயற்சிக்குத் துணையாகக் காங்கோவுக்குத் தன் பட்டாளத்தை அனுப்பியது. காங்கோ மக்கள் நம் இனத்தாரல்லர். அவர்களிற் பெரும்பாலோர் நம் மார்க்கத்தாருமல்லர். பிறர் துணையைப் பெற்ற தேசம், துணை வேண்டி நின்ற வேறொரு தேசத்துக்கு உதவியது. இதில் பிழை காண்பதற்கில்லை.

ஆனால் அனுப்புவதோடு கடமை தீர்ந்துவிடுமா? இதைத்தான் வணிகர்களாகிய நாம் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்திடும்படி நம்மை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. கையெழுத்திட்ட பின்போ, அதை நம்பியே சரக்குக் கொடுக்கப்படுகிறது. தவணை நாளில் நாம் ஒளிந்துகொண்டால், முதலிலேயே மறுத்தவரைவிட நாமே பெருந்தீங்கு செய்தவராவோம். சமாதானப் படைக்கு ஆள் தருவதும் அத்தகையதே. எந்த நாட்டையும் சபை வற்புறுத்துவதில்லை. ஒப்புக்கொண்டபின் அது அமானத்.

பொஸ்னியாவில் நடந்ததைப் பாருங்கள். 1993 ஏப்ரலில் பாதுகாப்புச் சபை ஸ்ரெப்ரெனிட்சா நகரைப் பாதுகாப்பான பகுதியென்று அறிவித்தது. அந்த வாக்கை நம்பி நகரத்தார் தம் ஆயுதங்களிற் பலவற்றை ஒப்படைத்தனர். காவலுக்கு நின்றவர்களோ போதிய ஆயுதமில்லாத சில நூறு டச்சு வீரர்கள். 1995 ஜூலையில் பகைவர் நகரைக் கைப்பற்றினர். கேட்ட விமான உதவி தக்க சமயத்தில் போதிய அளவு வரவில்லை. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். வாக்கே கொடுக்கப்படாதிருந்தால் அம்மக்கள் வேறு வழி தேடியிருக்கக் கூடுமன்றோ?

சோமாலியாவில் நடந்தது வேறு. 1993 அக்டோபர் 3 ஆம் நாள் மொகடிஷு நகரில் அமெரிக்க வீரர்கள் சிக்கிக்கொண்டனர். அவர்களை மீட்க அன்றிரவே பாகிஸ்தானிய டாங்கிகளுடன் மலேசியக் கவச வண்டிகள் துப்பாக்கிச் சூட்டினூடே சென்றன. ஒரு மலேசிய வீரர் உயிர் துறந்தார்; பலர் காயமுற்றனர். சிக்கியவர்கள் தம் நாட்டாரல்லர் என்று அவர்கள் பின்வாங்கவில்லை.

மூமின்களில் இரு சாரார் போரிட்டால் சமாதானம் செய்து வைக்கவும், வரம்பு மீறுவோரை எதிர்த்து நிற்கவும், பின்னர் நீதியோடு இணக்கம் காணவும் திருக்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம் பணிக்கிறது. சமாதானம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள அதில் இடமில்லை.

ஆகவே, அனுப்பலாமா என்ற கேள்விக்கு நம் விடை, அனுப்பலாம் என்பதே. ஆனால் அனுப்புமுன் அரசு தன் கையிருப்பை எண்ணிப் பார்க்க வேண்டும். வீரனுக்குத் தெளிவான உத்தரவும், தற்காக்கப் போதிய கருவியும், ஆபத்தில் கைவிடாத ஆதரவும் உண்டா? இல்லையெனில் ஆரம்பத்திலேயே இயலாது என்று சொல்வது நாணயம். உண்டெனில், இழப்பு நேரும் நாளிலும் நிலைத்து நிற்பதே கடமை. குடிமக்களாகிய நாமும், வழியனுப்பும் நாளில் மட்டும் கொடியசைத்துவிட்டு, திரும்பாத வீரரின் குடும்பத்தை மறந்துவிடலாகாது.

அந்நிய மண்ணில் காவல் நிற்போரை வல்ல அல்லாஹ் காப்பானாக. ஆமீன்.