பொம்மையும் வர்ணமும்

பொம்மை செய்தல் சிறுவர் காரியம். அதைப் பற்றிப் பெரியோர் ஆராய என்ன இருக்கிறது என்று சிலர் நகைக்கக் கூடும். நகைக்கட்டும். கோயிலிலுள்ள சிலையைப் பற்றி ஓயாது வாதிடும் நாம், குழந்தையின் கையிலுள்ள சிலையைப் பற்றி ஏன் வாதிடலாகாது?

இக்காலத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஓய்வு நேரத்தைச் சிற்றுருவப் பொம்மை செய்வதிற் கழிப்போர் பலர் உளர். அவர்களுள் ஒரு சாரார் ஒரு விரதம் பூண்டவர். பொம்மை முழுவதற்கும் ஒரே நிறம். கண்ணுக்குக் கறுப்பில்லை, உதட்டுக்குச் சிவப்பில்லை, உடைக்கென்று தனி நிறமில்லை. உயரமோ கட்டைவிரலளவு. இவ்வழக்கத்துக்கு முன்மாதிரியாய் நின்றவற்றுள் முக்கியமானவை ஜப்பானியச் சிறுவர் விளையாடிய ‘கெஷி’ப் பொம்மைகள். ‘கின்னிக்குமான்’ என்பது 1979-இல் தொடங்கிய, மல்லர்களைப் பற்றிய சித்திரக் கதை. அதிலுள்ள மல்லர்களை 1983 முதல் பண்டாய் கம்பெனியார் சிறு பொம்மைகளாக வார்த்து வெளியிட்டனர். உருவங்கள் 418. ஒன்றுக்கொன்று வடிவத்தால் மட்டுமே வேறுபாடு. ‘கெஷி’ என்பது எழுத்தை அழிக்கும் ரப்பருக்கு ஜப்பானியர் வழங்கும் பெயரின் சுருக்கம். பெயர்தான் ரப்பர், பொருளோ வினைல் என்னும் செயற்கைப் பண்டம். பால்மரத்தின் பால் ஒரு துளியும் அதில் இல்லை. தோட்டக் கிராணிகளாகிய நமக்கு இதில் சிறிது மனத்தாங்கலுண்டு.

காசு போட்டுத் திருகினால் விழும் பண்டத்துக்கு வர்ணம் பூசினால் கட்டுபடியாகுமா? ஆகவே பூசாமல் விட்டனர். வியாபாரியின் சிக்கனமாக இருந்தது, பின்வந்த கைவினைஞரிடம் கலையின் கட்டுப்பாடாயிற்று.

அக்கட்டுப்பாடு எத்தகையது என்பதைச் செய்முறையை அறிந்தாலன்றி உணர முடியாது. முதலில் களிமண் போன்ற பசையால் உருவத்தை ஆக்குகின்றனர். அதன்மேல் சிலிக்கோன் ரப்பரை ஊற்றி அச்செடுக்கின்றனர். இரு திரவங்களைக் கலந்து, நிறப்பொடி சேர்த்து அச்சில் வார்த்தால், சிறிது நேரத்தில் அது கல்போல் இறுகிவிடுகிறது. காற்றுக் குமிழி ஒன்று மூக்கின் நுனியிலே தங்கிவிட்டால் மூக்கே இல்லை. வர்ணம் பூசுகிறவன் தூரிகையால் எத்தனையோ குற்றங்களை மறைத்துக் கொள்வான். கண் பள்ளம் சரியாக அமையாவிடினும் ஒரு கறுப்புப் புள்ளி வைத்து அதைக் கண்ணென்று நம்பச் செய்வான். ஒற்றை நிறத்தானுக்கு அந்தச் சலுகை இல்லை. அவனுக்குள்ள மை நிழல் ஒன்றே. ஆதலால் கண்ணின் குழியை இயற்கையிலும் ஆழமாகத் தோண்டுகிறான். உடையின் மடிப்பைத் தடித்துக் காட்டுகிறான். விரல்களுக்கிடையே தேவைக்கு மேல் இடைவெளி விடுகிறான். உள்ளதை உள்ளபடி செய்தால் உள்ளது தெரியாது என்பது இக்கலையின் விசித்திரம்.

நிற்க. இதில் ஒரு சமூக நீதியும் இருக்கிறதெனச் சிலர் மகிழலாம். வர்ணம் என்ற சொல் நம்மவரிடையே நிறத்தையும் குறிக்கும், பிறப்பால் வந்த பிரிவையும் குறிக்கும். கொலுப் படியிலே தேவர் யார், அரசர் யார், கூடை சுமப்பவர் யார் என்று நமக்கு முதலில் அறிவிப்பவை பூச்சும் படியுமே. ஒற்றை நிறப் பொம்மைகளில் அரசனும் சேவகனும் ஒரே கிண்ணத்துக் குழம்பிலிருந்து பிறக்கின்றனர். நிற்கும் நிலையும் செய்யும் தொழிலும் கொண்டுதான் இன்னாரென்று அறிய வேண்டும். வர்ணத்தை ஒழித்த உலகம் இதோ என்று நம் சீர்திருத்த நண்பர்கள் கை தட்டலாம்.

அவசரப்பட வேண்டாம். பழைய செக்ரோல் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். எல்லாப் பெயரும் ஒரே கறுப்பு மையில்தான் எழுதப்பட்டிருக்கும். அதனால் கங்காணியும் கூலியும் சமமாகிவிட்டனரோ? ஒரே நிறம் என்று சொன்னால் போதாது. எந்த நிறம் என்று கேட்க வேண்டும்.

அதே மல்லர் பொம்மைகளை 1985-இல் மேட்டல் கம்பெனியார் அமெரிக்காவில் விற்றனர். முதலில் வந்தவை வெளிறிய இளஞ்சிவப்பு. வேறு நிறங்கள் பின்னரே வந்தன. அந்த இளஞ்சிவப்பைச் சேகரிப்போர் சதை நிறம் என்பர். யாருடைய சதை? அமெரிக்காவிலே கிரயோலா என்னும் மெழுகு வர்ணக்கோல் செய்பவர்களும் இதே போன்றதொரு வெளிறிய நிறத்துக்குச் ‘சதை’ என்றே பெயரிட்டிருந்தனர்; 1962-இல் அதை ‘பீச்’ என்னும் பழத்தின் பெயராக மாற்றினர். பெயரை மாற்றும்வரை, பள்ளியில் அந்தக் கோலை எடுத்த கறுப்பினக் குழந்தை தன் கையையும் பார்த்துக் கோலையும் பார்த்து என்ன நினைத்திருக்கும்?

யாருடைய நிறமுமல்லாத ஒரு நிறத்தைக் கொள்வோம் என்பர் சிலர். டென்மார்க்கு லெகோ கம்பெனியார் 1978-இல் தம் சிறு மனிதர்களுக்கு மஞ்சள் முகம் கொடுத்தது அத்தகையதே. கற்பனை மனிதருக்கு அது நன்றாகவே பொருந்திற்று. 2003-இல் அமெரிக்கக் கூடைப்பந்தாட்டக்காரரைப் பெயரோடு பொம்மையாக்க நேர்ந்தபோது, மஞ்சளை விட்டு மெய்யான தோல் நிறங்களை நாடினர். நமது அபிப்பிராயத்தில் அவர்கள் செய்தது சரியே. பூதத்துக்குப் பச்சை ஊற்றலாம், அடுப்புத் தலையுடைய மல்லனுக்கு நீலம் ஊற்றலாம், கேட்பாரில்லை. உண்மையில் வாழ்ந்த மனிதனை வார்க்கும்போது, அவன் நிறத்தைத் துடைத்துவிட்டு ‘எல்லாரும் ஒன்றே’ என்பது சமத்துவமாகாது. அவன் பட்ட பாட்டில் பாதி அந்த நிறத்தால் வந்ததல்லவா?

வெளிநாட்டாரைக் குறை சொல்வது சுலபம். நம் வீட்டில் பெண் குழந்தைக்கு வாங்கித் தரும் பொம்மை எந்த நிறம்? ‘கறுப்பி’ என்று அக்குழந்தையை வைவது எந்த வெள்ளைக்காரன்? பாட்டியும் அத்தையுமே வைகின்றனர். பிறகு முகத்துக்குப் பூச வெளுப்புக் களிம்பு வாங்கித் தருகின்றனர். இத்தகைய வீட்டிலே ஒரு கரிய பொம்மை, அழகாகவும் கம்பீரமாகவும் செய்யப்பட்டது, அலமாரியில் நிற்குமானால், அது நூறு மேடைப் பேச்சுக்கு ஈடாகும் என்பதில் நமக்கு ஐயமில்லை.

வெளிறிய நிறத்தில்தான் உருவம் தெளிவாகத் தெரியும் என்றொரு சமாதானம் உண்டு. அது பாதி உண்மை. தனிக் கறுப்பு நிழலை விழுங்கிவிடும்; தனி வெள்ளையோ நிழலை ஒளியிலே கரைத்துவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிறங்களே செதுக்கலை நன்கு காட்டுபவை. சுட்ட மண்ணின் நிறம் அவற்றுள் ஒன்று. ஐயனாருக்குக் குதிரை செய்த நம் குயவர் கையில் பழகிய நிறம் அது. நம்மிற் பலருடைய தோலுக்கும் தூரமானதன்று.

ஆகவே, இந்நாட்டுத் தமிழ் இளைஞர் எவரேனும் இக்கலையில் இறங்குவாராயின், தோட்டத்தைக் கட்டைவிரலளவில் செய்து பார்க்கச் சொல்வோம். பால்வாளி சுமக்கும் பெண், பிரட்டுக் களத்தில் நிற்கும் கிழவர், கணக்குப் புத்தகத்தோடு கிராணி, கங்காணி, துரை, எல்லாரையும் அந்தச் சுடுமண் நிறத்திலேயே வார்க்கட்டும். கூலிக்கு மட்டும் அந்நிறமும் துரைக்கு வெள்ளையுமாக ஊற்றினால் செய்ததெல்லாம் வீண். அப்படியானால் துரையின் மெய்யான நிறத்தைத் துடைப்பது நியாயமோ என்று நம்மையே மடக்கக் கூடும். நியாயமான கேள்வி. பெயரோடு ஒரு துரையை வார்ப்பதானால் அவர் நிறத்திலேயே வார்க்க வேண்டும். இங்கே நாம் கேட்பது பெயரில்லாத துரை. இத்தனை காலம் பெயரில்லாத மனிதரெல்லாம் வெளிறிய சதையிலேயே வார்க்கப்பட்டார்கள். ஒரு முறை நம் சதையிலும் வார்த்துப் பார்க்கலாம். துரையென்று தெரிவதற்கு ஒரு தொப்பி போதும். அதன் விளிம்பை மட்டும் சற்று அகலமாகச் செய்தால், முகத்தில் நிழல் நன்றாக விழும்.