அகரவரிசை பிரித்த சொற்கள்

தலைச்சொல், இலக்கண வகை, வேர், எண்ணிட்ட பொருள்கள், மேற்கோள். ஓர் அகராதிப் பதிவில் இவற்றைப் படிக்கத் தெரிந்தால் போதும் என்றுதான் கற்பிக்கிறோம். போதாது.

புதுச்சேரியில் நான் வசிக்கும் பகுதியின் பெயர் சாரம். இச்சொல்லுக்கு அகராதியில் தனித்தனிப் பதிவுகள் உண்டு: ஒன்று சத்து, இன்னொன்று, கட்டட வேலையாட்கள் ஏறி நிற்கக் கழிகளால் கட்டுவது. ஒலியால் ஒன்றானவற்றைப் பொருளால் பிரிக்கும் ஒழுங்கு இது. பொருளால் சேர்ந்தவற்றை எழுத்தால் பிரித்துவிடும் ஒழுங்கும் அதே அகராதியில்தான் இருக்கிறது.

சாரத்தின் கீழே செங்கல்லும் கலவையும் சுமக்கும் பெண்ணுக்குச் சித்தாள் என்று பெயர். சிறு ஆள், சிற்றாள், சித்தாள்: வேர் சரிதான். யாரைவிடச் சிறியவள்? பதில் ‘பெ’ வரிசையில் இருக்கிறது: பெரியாள். வேலையிடத்தில் இருவரும் அருகருகே நிற்கிறார்கள். கூலியில்தான் இடைவெளி. அகராதியிலோ நூற்றுக்கணக்கான பக்க இடைவெளி.

தொல்காப்பியப் புறத்திணையிலும் ஓர் இணை உண்டு. மனைவியை இழந்தவன் நிலை தபுதாரம். கணவனை இழந்தவள் நிலை தாபதம். தபுதல் என்றால் இறத்தல், தாரம் மனைவி. தாபதமோ தவத்தைக் குறிக்கும் சொல். அவனுடைய சொல் அவன் இழந்ததைச் சொல்கிறது. அவளுடைய சொல், இழந்தபின் அவள் செய்யவேண்டியதைச் சொல்கிறது. தனித்தனியே படித்தால் இரண்டும் வெறும் துறைப்பெயர்கள்.

நிகண்டுகள் மக்கட்பெயர், விலங்கின்பெயர் என்று உறவுபார்த்துச் சொற்களைத் தொகுத்தன; ஆனால் அவற்றை ஆசிரியரிடம் அமர்ந்து மனப்பாடம் செய்யவேண்டும். அந்த இடம் பெரும்பாலான பெண்களுக்கு வாய்க்கவில்லை. 1732இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதியும், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும் எழுத்தறிந்த எவரும் திறந்து பார்க்கக்கூடியவை. அகரவரிசைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அதனாலேயே அது நடுநிலையானது என்று நம்பிவிடுகிறோம்.

இழிவான சொற்களை நீக்கிவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நீக்கினால் சாட்சி போய்விடும். கூலி அப்படியே இருக்கும். ஒவ்வொரு பதிவும் தன்னளவில் உண்மை சொல்கிறது. அருகில் வைத்துப் பார்க்கும் வேலை படிப்பவளுடையது. அதை அகராதி செய்யாது.

ஆகவே ஒரு பதிவைப் படித்து முடித்ததும் அதன் இணையைத் தேடுங்கள். சித்தாளுக்குக் கிடைக்கும். தாபதத்துக்குக் கிடைக்கும். வாழாவெட்டிக்குத் தேடிப்பாருங்கள். கணவனைப் பிரிந்து பிறந்தவீட்டில் இருப்பவளைச் சுட்டும் அந்தச் சொல்லுக்கு ஆண்பால் இல்லை. இல்லாத அந்தப் பதிவையும் படிக்கத் தெரியவேண்டும்.