இடம் மாறினால் உண்மை மாறுமா?

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் தொடர்வண்டியில் சன்னலோரம் அமர்ந்து பார், தோழனே! பக்கத்துப் பனைமரங்கள் பின்னோக்கிப் பறக்கும். தொலைவிலே தெரியும் கோபுரமோ நம்முடனே நகர்ந்து வரும். மரமும் ஓடவில்லை, கோபுரமும் வரவில்லை, ஓடியவர் நாம்! காண்பவன் இடம் மாற, காட்சி மாறுகிறது. இதனை இடமாறு தோற்றம் என்கிறது அறிவியல். அருகிருப்பது விரைந்தும் அகன்றிருப்பது மெல்லவும் நகர்வதாலன்றோ, தட்டையான வெண்திரையிலும் ஆழத்தை உணர்கிறோம்!

பேச்சுப் போட்டியில் வென்ற மாணவனைப் பழைய ஒளிப்படக் கருவியொன்றால் நெருங்கி நின்று படமெடுத்தேன். பார்வைத் துளையில் முகம் முழுமையாகத் தெரிந்தது; படத்திலோ உச்சந்தலை இல்லை! நான் கண் வைத்த துளை மேலே. படம் பிடித்த வில்லை கீழே. விரற்கடை வேறுபாடு தலையையே வெட்டிவிட்டது.

"நம் ஊரில் வேற்றுமை ஒழிந்துவிட்டது" என்று நான் வகுப்பிலே முழங்கியபோது, அதே மாணவன் எழுந்தான். "ஐயா, எந்தத் தெருவில் நின்று பார்த்தீர்கள்?" என்றான். நாணித் தலைகுனிந்தேன்.

அப்படியானால், அவரவர் இடம், அவரவர் உண்மை என்று விட்டுவிடலாமா? கூடாது! அது சோம்பேறியின் தத்துவம்; ஆதிக்கத்துக்கு அரண்.

வானியலார் காட்டிய வழி வேறு. 1758-இல் கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் தகர்த்தனர்; 1761-இல் புதுச்சேரியை ஆங்கிலேயர் தகர்த்தனர். அந்தப் புதுச்சேரியில், 1769-இல், கதிரவனை வெள்ளிக்கோள் கடப்பதைக் காணக் காத்திருந்தார் பிரெஞ்சு வானியலார் லெ ஜென்டில். சென்னையிலிருந்த ஆங்கிலேயரே அவருக்குத் தொலைநோக்கி அனுப்பினர்! முகில் மறைத்தது, அவர் காணவில்லை. ஆனால், உலகின் பல முனைகளில் நின்று கண்டோரின் அளவுகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டன. அந்த மாறுபாட்டைக் குப்பையிலே கொட்டினார்களா? இல்லை! அதையே அளவுகோலாக்கி, கதிரவனின் தொலைவு ஏறத்தாழ 15 கோடி கிலோமீட்டர் எனக் கணித்தார்கள். இன்றைய அளவு 14 கோடியே 96 இலட்சம்.

அந்தக் கணக்குக்கு நிபந்தனை ஒன்று உண்டு: பார்த்த இடங்களுக்கு இடையேயுள்ள தூரம் தெரிந்திருக்க வேண்டும். ஊருக்கும் சேரிக்கும் இடையே தூரமே இல்லையென்று சாதிப்பவன், எதைக் கொண்டு உண்மையை அளப்பான்?

மறுநாள் அந்த மாணவனின் தெருவுக்குச் சென்றேன். அவர்கள் பிணம் சுமக்கும் பாதைகூட வேறு என்பதை அங்கு நின்றபோதுதான் கண்டேன். இருபதாண்டுக்கு மேல் அதே ஊரில் வாழ்ந்தவன் நான்!

தோழனே! தூரத்தை ஒப்புக்கொள். அப்பக்கம் சென்று நின்று பார். பிறகு கணக்கிடு. இடம் மாறினால் மாறுவது காட்சி, உண்மையன்று!