தோல் எங்கே போகிறது?

 

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளன்று நம் ஜமாஅத்தில் நடந்ததைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. குர்பானித் தோல்கள் மத்ரஸாத் திண்ணையில் வந்து குவிந்தன. விலையில்லையென்று வியாபாரி வரவில்லை. உப்பு வாங்கி வைக்க நம்மில் எவருக்கும் நினைவில்லை. மறுநாள் அஸருக்குள் நாற்றமெடுத்து, தென்னந்தோப்பில் குழி வெட்டிப் புதைத்தோம்.

அன்னை மைமூனா (ரலி) அவர்களின் பணிப்பெண்ணுக்கு தர்மமாகக் கிடைத்த ஆடு ஒன்று செத்துப்போயிற்று. அவ்வழியே வந்த நாயகம் (ஸல்) அவர்கள், இதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தக் கூடாதா என்று வினவினார்கள். செத்த பிராணியாயிற்றே என்றனர் அங்கிருந்தோர். உண்பதுதான் தடுக்கப்பட்டது என்று விளக்கினார்கள் பெருமானார். செத்த ஆட்டின் தோலுக்கே இவ்வளவு கவனம்! நாம் புதைத்ததோ அல்லாஹ்வின் பெயர் சொல்லி அறுத்த பிராணியின் தோல்.

சரி, புதைக்காமல் அனுப்பியிருந்தால் நம் பொறுப்பு முடிந்ததா? அதையும் யோசிப்போம்.

தக்கலையிலோ திட்டுவிளையிலோ லாரி ஏறும் தோல், கைமாறிக் கைமாறி வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கம் போய்ச் சேருகிறது. அங்குள்ள தோல் ஷாப்புகளில் பல நம் சமுதாயத்தவருடையவை. ஊற வைக்கும்போது தோலிலுள்ள உப்பெல்லாம் தண்ணீரில் இறங்குகிறது. 10 கிலோ தோலுக்கு ஏறத்தாழ 4 கிலோ உப்பு என்றால் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பிறகு குரோமியம். வழக்கமான முறையில் அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைத்தான் தோல் பிடித்துக்கொள்ளும். மிச்சம் கழிவு நீரோடு போகும். இவ்வாறே பாலாறும் அக்கரைக் கிணறுகளும் கெட்டன. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடுசெய்ய வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்கியும் தீரவில்லை. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் கழிவுச் சகதித் தொட்டி உடைந்து, உறக்கத்திலிருந்த 10 பேர் மாண்டார்கள். 2025 ஜனவரியில் மறுபடியும் அதே நீதிமன்றம் பாலாற்றுக்காகக் கண்டிக்க நேர்ந்தது.

மறுமையில் செல்வத்தைப் பற்றி இரண்டு கேள்விகள் உண்டென்பதை நாம் அறிவோம்: எங்கிருந்து ஈட்டினாய், எதில் செலவிட்டாய்? ஒரு பொருளின் பிறப்பிலிருந்து அது மண்ணுக்குத் திரும்பும் வரை ஒவ்வொரு படியிலும் தண்ணீர் எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று இன்றைய தொழில் அறிஞர்கள் கணக்கெடுக்கிறார்கள். செருப்பின் விலையை மட்டும் பார்த்து வாங்கும் நமக்கு இக்கணக்கு புதிதாகத் தோன்றலாம். அந்த இரு கேள்விகளுக்கும் பதில் சொல்லியாக வேண்டியவர்களுக்குப் புதிதல்ல.

ஃபிக்ஹு நூல்களைப் புரட்டுங்கள். தோலைத் தூய்மையாக்கத் தண்ணீரும் ‘கரழ்’ என்பதும் போதும் என்று ஹதீஸில் வருகிறது. அது கருவேல இனத்து மரம். வெயிலில் காய வைப்பதும் உப்பிடுவதும் மட்டும் பதனிடுதல் ஆகாது, துவர்ப்புள்ள பொருள் வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. நம் நாட்டில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் இவ்வேலையைச் செய்தன. வாரக்கணக்கில் ஆகும், பட்டைக்கு மரமும் வேண்டும். ஆகவே பழையதெல்லாம் குற்றமற்றதென்று நாம் சொல்லவில்லை. தோலே வேண்டாமென்று ரெக்ஸினுக்குப் போனால் அது பெட்ரோலியத்தில் பிறந்து, கடைசியில் மண்ணில் மக்காமலே கிடக்கிறது. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் குரோமியமும் நீரும் குறைவாகச் செலவாகும் முறைகளைக் கண்டிருக்கிறது. தொழில் நடத்தும் நம் சகோதரர்கள் செலவைப் பார்த்துத் தயங்கலாகாது; ஆற்றங்கரை மக்கள் பிற சமயத்தவராயினும் அண்டை வீட்டார்தாம்.

நம் கையிலுள்ளது சிறியது. வரும் பெருநாளுக்கு ஜமாஅத் இவ்வாறு தீர்மானித்துள்ளது: புத்தளம் அளத்திலிருந்து உப்பு மூட்டைகள் முந்தின நாளே வந்துவிடும். தோலைத் தெருவில் இழுத்து வராமல் கூடையில் கொண்டுவர வேண்டும். உரித்த 2 மணி நேரத்துக்குள் நிழலில் பரப்பி உப்பிட வேண்டும். லாரியில் ஏற்றுமுன் மிகுந்த உப்பை உதறிவிட வேண்டும். அவ்வளவு உப்பு பாலாற்றுக்குக் குறையும். கசாப்புக்காரருக்குத் தோலைக் கூலியாகக் கொடுக்காமல், கூலியைத் தனியே பணமாகக் கொடுத்துவிடுங்கள். உப்பிடத் தெரிந்த பெரியவர் இருவர் சுபுஹு தொழுகை முடிந்ததும் திண்ணையில் இருப்பார்கள். இளைஞர்கள் நால்வர் உடனிருந்தால் நலம்.