கணக்கை மறைக்காத வீடு



விடிவதற்கு முன்பே தேனி மாவட்டத்துக் கம்பத்திலும் போடியிலும் ஜீப்புகள் நிரம்பிவிடுகின்றன. தலையில் துண்டு, சேலைக்கு மேல் ஒரு பழைய ஆம்பளைச் சட்டை, மடியில் தூக்குவாளி என்று பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து, கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காயெடுக்கப் போகிறார்கள். அவர்கள் மலையேறிய பிறகு அதே வீடுகளிலிருந்து பிள்ளைகள் கல்லூரிக்குப் பஸ் பிடிக்க ஓடுகிறார்கள். உத்தமபாளையத்தில் 1956 முதல் நடக்கும் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரிக்கு, போடியில் ஏலக்காய் விவசாயிகளின் சங்கமே தொடங்கிய கல்லூரிக்கு, அரசுப் பொறியியல் கல்லூரிக்கு. தங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் இவர்களில் நிறையப் பேர்.

அப்படி ஒரு பிள்ளைக்கு முதல் செமஸ்டரில் ஒரு பேப்பர் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கேட்டால், "ரிசல்ட் இன்னும் வரலைம்மா" என்கிறான். இன்னொரு பக்கம், ஃபீஸுக்குப் பணம் எங்கே புரட்டினீர்கள் என்று அவன் கேட்டால் அப்பா, "அதெல்லாம் உனக்கு எதுக்குடா, நீ படி" என்கிறார். ஆனால் அம்மா கழுத்தில் கிடந்த சங்கிலி போய் வெறும் மஞ்சள் கயிறு மட்டும் இருப்பது அவன் கண்ணில் படாமலா இருக்கும்? கடனை அவர்கள் மறைக்கிறார்கள், அரியரை இவன் மறைக்கிறான். இரண்டுக்கும் காரணம் பாசம்தான். அந்தப் பாசம்தான் ராத்திரியில் அவன் நெஞ்சின் மேல் ஏறி உட்காருகிறது.

படிப்புச் சுமை, பரீட்சை பயம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பாதிச் சுமை பாடப் புத்தகத்துக்கு வெளியே இருக்கிறது என்பது என் எண்ணம். "உன்னைத்தான்டா நம்பியிருக்கோம்" என்று வாய் நிறையச் சொல்கிறோமே, அந்த வார்த்தையை ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை எந்த அலமாரியில் கொண்டுபோய் வைக்கும்? எவ்வளவு கடன், எவ்வளவு வட்டி, எப்போது அடையும் என்று தெரிந்துவிட்டால் அது வெறும் தொகை. தெரியாதவரை அது பூதம். ஆகவே பெற்றோர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்கைச் சொல்லிவிடுங்கள். தமிழக அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதாமாதம் வரும் 1,000 ரூபாயையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தன் பங்கும் வீட்டுக் கணக்கில் இருக்கிறது என்று தெரிவதே பிள்ளைக்கு ஒரு தெம்பு.

மாணவர்களே, உங்கள் பக்கத்துக் கணக்கையும் சொல்லிவிடுங்கள். அரியர் என்பது திரும்ப எழுதக்கூடிய ஒரு தாள். அன்றைக்குத் திட்டு விழும், விழட்டும். ஆறு மாதம் பொய்யைக் கட்டிக் காப்பதற்கு ஆகும் மெனக்கெடலில் அந்தப் பேப்பரைப் பாஸே பண்ணிவிடலாம்! இன்னொன்று, பரீட்சைக்கு முந்தின ராத்திரி டீ மேல் டீ குடித்துக் கண் விழிப்பதை விட்டுவிடுங்கள். படித்ததை மூளை பதித்து வைப்பதில் பெரும்பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது.

நம் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டம் தினசரிச் செய்தி. 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்புச் சொன்னது. ஆனால் 142 வரட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. 136 அடியைத் தொட்டதுமே முதல் எச்சரிக்கை போய்விடுகிறது. பிள்ளைகளுக்கும் அந்த 136 உண்டு. சோறு இறங்காது. காலேஜ் கிளம்பும் நேரத்தில் வயிறு வலிக்கும். கூட்டாளிகளின் போனை எடுக்காது. "நான் இருந்து என்ன செய்யப்போறேன்" என்று விளையாட்டுப்போல ஒரு வார்த்தை விழும். அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியே விடாமல் பக்கத்தில் உட்கார்ந்து, என்னவென்று கேளுங்கள். கேட்பதால் உயிரை விடும் எண்ணம் வளராது.

கல்லூரிகளுக்கும் ஒரு வார்த்தை. 100 மாணவர்களும் அதற்கு மேலும் படிக்கும் கல்வி நிலையங்களில் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் நெறிமுறை வகுத்திருக்கிறது. வாசலில் பலகையை மாட்டி, உள்ளே பழைய விடைத்தாள் கட்டுகளை அடுக்கி வைத்தால் அது ஆலோசனை அறை ஆகாது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில், "ஆலோசகர் யார், எந்தெந்த நாளில் வருவார்?" என்று கேளுங்கள்.

டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றால் க.விலக்கில் இருக்கிறது தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே மனநலப் பிரிவு உண்டு. அவ்வளவு தூரம் போகத் தயக்கமாக இருந்தால் போன் போதும். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். எண்ணைச் சொல்கிறேன், காலண்டர் ஓரத்தில் குறித்து வையுங்கள்: ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு. 14416.