யாரும் படிக்கலன்னா எதுக்கு எழுதணும்?



எழுத ஆசைப்படும் நம் வயதுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஒரு கவிதையை இன்ஸ்டாகிராமில் போட்டா பத்து லைக் வருது. அதில் பாதி சொந்தக்காரங்க. "இதுக்கா ரெண்டு ராத்திரி கண் முழிச்சேன்?" என்று மனசு சோர்ந்து போகுது. நியாயமான கேள்விதான். ஆனால் இது திறமையைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை. ஒரு வேலையை எதற்காகச் செய்கிறோம் என்ற தர்மத்தைப் பற்றிய கேள்வியும்கூட.

செயலில்தான் நமக்கு உரிமை, பலனில் இல்லை என்று கீதை சொல்வதைச் சமய வகுப்பிலேயே கேட்டிருப்போம். அப்படின்னா எழுதினதை அலமாரியில் பூட்டி வைத்தாலும் ஒன்றுதானே என்று சிலர் கேட்கலாம். ஒன்று இல்லை. பலனை எதிர்பார்க்காதே என்றால், அக்கறை இல்லாமல் செய் என்று அர்த்தம் கிடையாது. பாராட்டு நம் கையில் இல்லை. வாக்கியத்தை உண்மையாகவும் தெளிவாகவும் எழுதுவது நம் கையில்தான் இருக்கு.

1887-இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவர் பெயர் நமக்குத் தெரியும். ஆனால் ஓலைச்சுவடியைச் செல் அரிக்கும். அது என்றைக்கும் நிலைக்காது. ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து மறுபடி படியெடுத்ததால்தான் அந்த நூல் அவர் கைக்கு வந்தது. அவர்களில் பெரும்பாலோர் பெயர் நமக்குத் தெரியாது. அவர்களுக்கு யாரும் லைக் போடவில்லை.

நம் கதைக்கு வருவோம். 1942, 1943-இல் ஜப்பானியர் ஏறக்குறைய 415 கிலோமீட்டர் சயாம் ரயில்பாதையைப் போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அங்கே கொண்டு போகப்பட்டார்கள். ஏராளமானோர் திரும்பவில்லை. அங்கிருந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளில் சிலர் ஒளித்து ஒளித்து நாட்குறிப்பு எழுதினார்கள். உலகம் அவர்கள் துன்பத்தை அறிந்தது. நம் ஆட்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்கள் சொந்தக் கையால் எழுதியது மிகக் குறைவு. ஆர்.சண்முகம், அ.ரெங்கசாமி போன்ற நம் நாவலாசிரியர்கள் பின்னால் எழுதாமல் விட்டிருந்தால், இன்று நமக்குத் தெரிவது இன்னும் குறைந்திருக்கும்.

பித்ரு கடன் என்று நம் சமயம் பேசுகிறது. திதி கொடுப்பதோடு அது முடிந்துவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை. பெரட்டு, ஆயாக் கொட்டகை, லயத்து வீடு என்று பாட்டி சொல்லும்போது அதைக் கேட்டு எழுதி வைப்பதும் அந்தக் கடனில் சேரும். நமக்கு எழுத்து தெரியும். தெரிந்தும் எழுதாமல் விட்டால், அவர்களுக்கு இருந்த காரணம் நமக்கு இல்லை.

சரி, எப்படி ஆரம்பிப்பது? தினமும் இருபது நிமிடம், ஒரே நேரத்தில் எழுதுங்க. மூடு வரட்டும்னு காத்திருந்தா வராது. பரீட்சை வாரத்தில் ஐந்து வரி போதும். பழக்கம் விட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான். எழுதுவதைவிட அதிகமாகப் படியுங்க. எழுதியதை ஒரு வாரம் கழித்து வாய்விட்டுப் படித்துப் பாருங்க. நாக்கு தடுக்கும் இடத்தில்தான் திருத்தம் வேணும். "சூப்பர்" மட்டும் சொல்லும் நண்பரைவிட, "இந்தப் பத்தி புரியல" என்று சொல்லும் நண்பரிடம் கொடுங்க.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மற்றவருடைய துன்பம் நம் எழுத்துக்குக் கச்சாப்பொருள் இல்லை. உண்மை எவ்வளவு முக்கியமோ அகிம்சையும் அவ்வளவு முக்கியம். வீட்டுக் கதையை வெளியிடும் முன் சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேளுங்க. வேண்டாம் என்றால், எழுதி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்க.

இந்த வாரம் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்க. பதிலை அவர் சொன்ன வார்த்தையிலேயே ஒரு பக்கம் எழுதுங்க. மேலே தேதியையும் போட்டுடுங்க.