பழியை யார் சுமப்பது?

2020 பிப்ரவரியில் மலேசியாவின் கோத்தா கினபாலு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில், போதைப்பொருள் வைத்திருந்த ஒருவருக்கு எவ்வளவு தண்டனை என்று செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் கேட்கப்பட்டது. சரவாக் அரசின் சைன்ஸ் நிறுவனம் 2014 முதல் 2019 வரையிலான வழக்குகளைக் கொண்டு அதை உருவாக்கியிருந்தது. மென்பொருள் 10 மாதச் சிறை என்றது. மாஜிஸ்திரேட் 12 மாதம் விதித்தார். 2021இல் தீபகற்ப மலேசியாவிலும் சோதனை தொடங்கியது. ஆகவே இது அங்குள்ள கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக்கும் உரிய கேள்வி. அந்தத் தோட்டத்தில் ஒருவர் சிறைக்குப் போனால் வேலை போகும். வேலையோடு சேர்ந்து வந்த லயன் வீடும் போகும். இத்தனையையும் பறிக்கும் ஒரு தீர்ப்பு தவறாகிவிட்டால் அந்தப் பழி யாரைச் சேரும்? இதைச் சட்டக் கேள்வி என்பதைவிட அறக் கேள்வி என்றே நான் கருதுகிறேன்.

சிலப்பதிகாரத்தின் கோவலன் வழக்கை எடுத்துக்கொள்வோம். அரசியின் சிலம்பைத் திருடியவன் கோவலன் என்ற பொற்கொல்லன் பேச்சைக் கேட்ட பாண்டியன், சிலம்பு கோவலன் கையில் இருந்தால் அவனைக் கொன்றுவிட்டு அதைக் கொண்டுவரச் சொன்னான். அடையாளம் ஒன்று பொருந்தியது, அதுவே போதும் என்றாகிவிட்டது. சிலம்பின் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று உயிர் போகும் முன் எவரும் கேட்கவில்லை. பழைய வழக்குகளோடு புதிய மனிதனைப் பொருத்திப் பார்க்கும் கணினியிடமும் இதே ஆபத்து இருக்கிறது. ஆனால் பாண்டியனிடம் இருந்த ஒன்று அதனிடம் இல்லை. பிழை தெரிந்த கணமே அவன் அரியணையிலேயே உயிர்விட்டான். அவனால் கணவனை இழந்த கண்ணகியே பிறகு, வஞ்சிக் காண்டத்தில், அவன் குற்றமற்றவன் என்கிறாள். தவற்றைத் தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டவனுக்கு மட்டுமே அந்த மன்னிப்பு கிடைக்கும். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்பவரும் இதைத்தான் ஒப்புக்கொள்கிறார்: பொய்யென்றால் அதன் பலன் என் தலைமேல் விழட்டும். தலைமேல் எதுவும் விழ முடியாத ஒன்றின் சொல்லுக்குத் தீர்ப்பின் கனம் எப்படி வரும்?

மனித நீதிபதிகள் மட்டும் நியாயமானவர்களா என்று கேட்பார்கள். வலுவான கேள்விதான். ஒரே குற்றத்துக்கு ஓர் ஊரில் அபராதம், அடுத்த ஊரில் சிறை என்பதை ஏழைகள்தான் அதிகம் அனுபவித்திருக்கிறார்கள். நல்ல வழக்கறிஞரை அமர்த்த முடியாதவர்களுக்குச் சீரான தண்டனை ஒரு பாதுகாப்பு. ஆனால் பழைய தீர்ப்புகளில் படிந்த சாய்வும் அதே சீரோடு தொடரும். இனம் என்ற தகவலைச் சைன்ஸ் நீக்கியது நல்ல காரியம். என்றாலும் தொழில், வருமானம், முகவரி ஆகியவை சேர்ந்தாலே ஒருவர் தோட்டத்தவரா என்பது தெரிந்துவிடும். திருக்குறள் செங்கோன்மைக்கு 55ஆம் அதிகாரத்தையும் கண்ணோட்டத்துக்கு 58ஆம் அதிகாரத்தையும் தந்து, இரண்டையும் ஒரே அரசனிடம் எதிர்பார்க்கிறது. சீரும் இரக்கமும் ஒரே ஆளிடம் இருந்தால்தான் எங்கே எது வேண்டும் என்று அவர் தீர்மானிக்க முடியும்.

இறுதி முடிவு நீதிபதியுடையதுதானே என்பது அடுத்த வாதம். கோத்தா கினபாலுவில் மென்பொருள் சொன்னதை மாஜிஸ்திரேட் மீறினார் என்பது உண்மை. ஆனால் வழக்குகள் குவிந்த மேசையில், எண்ணை ஏற்பவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மீறுபவர்தான் காரணம் தேட வேண்டும். பழி மெல்லக் கைமாறும் இடம் இது. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் வெளியிட்ட கொள்கை, மாவட்ட நீதிமன்றங்கள் தீர்ப்புக்கோ உத்தரவுக்கோ வந்துசேர இக்கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்று தடுத்தது. மொழிபெயர்ப்புக்கும் பழைய தீர்ப்புகளைத் தேடவும் கணினி தாராளமாக உதவட்டும். மலாய் சரளமாக வராத தொழிலாளிக்கு அது பெரிய உதவி. தண்டனையில் அதைக் கைவிட மலேசியா தயாராக இல்லையென்றால், குறைந்தபட்சம் வரிசையையாவது மாற்ற வேண்டும்: நீதிபதி தன் தண்டனையையும் காரணத்தையும் முதலில் எழுதிக் கையெழுத்திடட்டும், அதன் பிறகே மென்பொருளின் எண்ணைத் திறக்கட்டும். அதைப் பார்த்து மனம் மாறினால், ஏன் மாறினார் என்பதையும் குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்குப் புரியும் மொழியில் அவர் முன்னிலையிலேயே சொல்லட்டும்.